கவிழ்த்தால் சிந்தாத பாட்டில்

கண்ணு,

வாழவந்தியிலிருந்து அப்பா எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்ததும் கண்ணைக் கசக்காதே. கோழி கிளறியதுபோலத்தான் இருக்கும். ஆனால் எந்தக் கோழிக்கும் இத்தனை பொறுமை கிடையாது. வலது கை ஆடுகிறது. இடது கையால் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு வரி வரியாக எழுதுகிறேன். காப்பி குடிப்பதற்கு முன்னால் கொஞ்சம், குடித்த பிறகு கொஞ்சம் என்று போகிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உன்னிடம் போனில் பேச முடியுமா? நான் நாலு வார்த்தை ஆரம்பிப்பதற்குள் "மாத்திரை போட்டீங்களாப்பா? சரிங்கப்பா, பாக்கலாமுங்கப்பா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் இந்தப் பாடு.

நேற்றுக் காலையில் உன் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "உங்க மக ஜெர்மனிக்குப் போகலையாமுங்க. சேலத்துலயே ஏதோ காலேஜுல வேலைக்குச் சேந்துக்குதாம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஏன்னு என்னைக் கேக்குறீங்களே, உங்க கையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உன்னைக் கூப்பிட்ட அந்த ஜெர்மனி ஆய்வுக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டுமாம். வரவில்லை என்று எழுதப்போகிறாயாம். அதைத் தடுக்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். மலை ரோட்டில் பஸ் ஓட்டியே காலத்தைக் கழித்தவன் நேராக எப்படிப் பேசுவது?

எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தால், எஸ்டேட் களத்து ஓரத்தில் நீ காப்பித் தோலை மூட்டையில் அள்ளிக்கொண்டு நின்ற நாள்தான் ஞாபகம் வருகிறது. கொட்டையை எடுத்துக்கொண்டு தூக்கி எறிகிற தோல். பக்கத்துச் செடிக்கு எருவாகப் போடுவார்கள், மிச்சம் கிடந்து மக்கும். அதை அள்ளிக்கொண்டு சேலத்துக்குப் போகிறேன் என்று நீ நின்றதும் உன் அம்மாவுக்கு மானமே போய்விட்டது. "ஏஞ்சாமி, அத்தன படிப்புப் படிச்சுட்டுக் குப்பை அள்ளுறயே, எஸ்டேட்டு ரைட்டரு பாத்தா என்ன நெனப்பாரு?" என்றாள். நீ சிரித்தாய். அடுத்த மாதம் வந்தபோது உன் கைப்பையில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடி பாட்டிலும் பேனா மாதிரி ஒரு டார்ச்சும் இருந்தன. பாட்டிலில் வரக்காப்பி நிறத்தில் தண்ணீர். தோலை இரும்புக் குடுவையில் போட்டு மூடி, மூச்சு விடாமல் வேகவைத்து, வடிகட்டிய தண்ணீராம். சமையற்கட்டு ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு டார்ச்சை அடித்தாய். அடேயப்பா! அந்தக் காப்பித் தண்ணீர் நீலமாக எரிந்தது. உன் அம்மா "ஏசப்பா!" என்று சொல்லிக் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

அதற்குள்ளே கரித் துகள் இருக்கிறது என்றாய். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "எங்க சாமி இருக்குது, தண்ணி தெளிவால்ல இருக்குது?" என்று கேட்டேன். ஒரு தூசியை வாழவந்தி ஊர் அளவுக்குப் பெரிதாக்கினால், அந்தத் துகள் இந்த ஊரில் ஒரு வீட்டு ஜன்னல் அளவுதான் வரும் என்று சொன்னாய். இத்துனூண்டுத் துகள்களுக்குக் கொஞ்சம் உப்பும் துளி புளிப்பும் சேர்த்துப் பேசாமல் வைத்துவிட்டால், அவையே ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து வலையாகும். வலைக்குள் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். பாட்டில் முழுக்கக் கெட்டித் தயிர் மாதிரி மெத்தென்று நின்றுவிடும். அதற்குத்தான் ஜெல் என்று பேர் என்றாய். "அது செரி. ஆரு அதையெல்லாம் கோக்குறது?" என்று கேட்டேன். "ஆருமில்லைங்கப்பா. அதுங்களே கூடிக்குது." எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்போது நீ கேட்டாய்: "காலையில மொத பஸ்ஸுல ஏறுறவங்களுக்கு நீங்க எடம் சொல்றீங்களாப்பா? டீச்சரு ஜன்னலோரம் போயிருவாங்க. காப்பிப் பழம் பறிக்கப் போற அக்காங்க எல்லாம் பின்னாடி ஒண்ணா உக்காந்துக்குவாங்க. பால்கேன்காரரு படிக்கிட்ட நின்னுக்குவாரு. ஆரு சொல்லி? அவங்கவங்களுக்கு ஆரோட ஒட்டும், ஆரோட ஒட்டாதுன்னு தெரியுதுல்ல. அதே மாதிரித்தானுங்க."

அந்த முதல் பஸ்ஸை எத்தனை வருடம் ஓட்டினேன் என்று உனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்த்த காட்சிதான் அது. ஏறுவார்கள், உட்காருவார்கள், நான் கியரைப் போடுவேன். யார் சொல்லி உட்காருகிறார்கள் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. அடுத்த நாள் வண்டி எடுத்தபோது கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் முருகேசன், "ஏனுங்கண்ணா, ஆராச்சும் வரணுமுங்களா?" என்று கேட்டான். என்னவென்று சொல்வது? என் பஸ்ஸையே எனக்குப் புதிதாகக் காட்டிவிட்டுப் போயிருந்தாய். உன்னைப் பற்றி எனக்குப் பெருமை தொடங்கியது நீ வாங்கிய பட்டத்தால் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது அந்தக் கண்ணாடியில் தொடங்கியது.

பிறகு வந்தது கெட்ட காலம். ஜெல் நின்றது, ஆனால் லேசாக ஆட்டினால் தண்ணீராகிவிட்டது. மேசையில் தட்டினால் இளகியது, வேறு பாட்டிலுக்கு மாற்றினால் ஓடியது. உன் பேராசிரியர் கெட்டியாக்கு, கெட்டியாக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. பார்க்கிற யாரும் அதைத்தான் சொல்வார்கள். நீயும் அதைச் சேர்த்து, இதைக் குறைத்து, சூட்டை ஏற்றி இறக்கிப் பார்த்தாய். ஒவ்வொரு தடவையும் இளகிப்போனதைத் தொட்டியில் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. வீட்டுக்கு வந்தால் முகத்தில் ஈயாடாது. உன் அம்மா ஆசையாக வைத்த மொச்சைக்கொட்டைக் குழம்பைக்கூடக் கிண்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். ஒரு நாள், "இது எதுக்கும் ஆகாதுங்கப்பா. நான் பேங்க் பரீட்சைக்குப் படிக்கட்டுங்களா?" என்று கேட்டாய்.

அந்தச் சமயத்தில்தான் நம் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. இந்தக் கடிதத்தை உன்னோடு வேலை செய்கிறவர்களுக்குப் படித்துக் காட்டுவாயானால், அவர்களுக்கு இதை விளக்கிச் சொல். வருடத்துக்கு ஒரு தடவை அவரவர் வீட்டு முதல் விளைச்சலைக் கோயிலில் கொண்டுவந்து வைப்போம். காப்பி, மிளகு, ஆரஞ்சு, பலா, பூசணி, முட்டையிடும் கோழி. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விட்டுக் காணிக்கையில் சேர்ப்பார்கள். அதுவரை மேசைமேல் வைத்த பொருளை யாரும் தொடக்கூடாது, வைத்தவரும் தொடக்கூடாது. நிலமில்லாத டிரைவர் நான். எனக்கு என்ன விளைச்சல்? ஒவ்வொரு வருடமும் ஒண்டிக்கடை பஜாரில் தேங்காய் வாங்கி வைப்போம். கடையில் வாங்கியது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். உன் அம்மாவுக்கு மட்டும் அது உறுத்தும்.

அந்த வருடம் அவள் போனில் உன்னிடம் சொல்லிவிட்டாள்: "தேங்கா வேண்டாஞ்சாமி. நீ செஞ்சத ஒரு பாட்டுலு கொண்டா. இந்த வருசம் நம்ம ஊட்டு வெளச்சல் அதுதான்." நீ மறுத்ததை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். அது விளைச்சல் இல்லைங்கம்மா, தோத்துப்போனதுங்க என்றாய். அவள் விட்டாளா? "மழையில்லாத வருசம் பூசணி சூம்பிப் போகுது. அதுக்காக ஆராச்சும் கொண்டாராம இருக்காங்களா? என்ன வெளஞ்சுதோ அதத்தான் வெக்கணும். பேசாம கொண்டா." உன் அம்மாவோடு வாதாடி ஜெயித்தவர்கள் இந்த மலையில் யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக வரும் என் வண்டியில் நீ ஏறினாய். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, துப்பட்டாவை நாலாக மடித்து மடியில் வைத்து, அதன்மேல் பாட்டிலை நிறுத்தி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாய். நன்றாக உறைந்து நின்றிருந்தது. எனக்குக் கவிழ்த்துக் காட்டினாய். ஊர் போய்ச் சேரும்வரை இது நிற்கணுமே என்று வண்டியை மெதுவாக எடுத்தேன். குப்பனூர் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் நான் ஓட்டிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தை இறக்கி ஏற்றுவதற்குள் ஒரு ஜெபம் சொல்லிவிடலாம். பின்னாலிருந்து, "டிரைவரண்ணா, வண்டி ஓட்டுறீங்களா, தொட்டில் ஆட்டுறீங்களா?" என்று ஒரு குரல். "எறங்கி நடந்தா நான் முன்னாடி போயிருவேன் போலிருக்குது" என்று ஓர் அம்மா. முருகேசன் வந்து, "ஏனுங்கண்ணா, பிரேக்கு புடிக்குதுங்களா?" என்றான். "வாய மூடு. பாப்பா மடியில ஆராய்ச்சிச் சாமான் வெச்சிருக்குது, ஆடக்கூடாது" என்றேன். அவன் சும்மா இருப்பானா? பஸ் முழுக்கக் கேட்கும்படி அறிவித்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. திட்டிய அத்தனை பேரும் உன் பாட்டிலுக்குக் காவலாகிவிட்டார்கள். வளைவு வந்தால் பஸ்ஸே சேர்ந்து "மெதுவா, மெதுவா" என்றது. பள்ளம் வந்தால் "பாத்து, பாத்து, எடப்பக்கம்" என்று எனக்கு வழி சொன்னார்கள், எனக்கே! நடந்து போயிருப்பேன் என்ற அந்த அம்மா உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உன் தோள் ஆடாமல் பிடித்துக்கொண்டார். வாழவந்தி வந்தது. வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். நீ பாட்டிலைத் தூக்கிச் சாய்த்தாய். உள்ளே தண்ணீர் அலம்பியது. கடைசியில் முருகேசன்தான், "விடு பாப்பா, ரோடு அப்படி" என்றான்.

நீ அதை ரோட்டோரம் கொட்டிவிடத் திரும்பினாய். மூடியில் கை வைத்துவிட்டாய். நிறுத்தத்தில் காத்திருந்த உன் அம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "தண்ணியா இருந்தா என்ன, கொண்டா இங்க" என்று நேரே கோயிலுக்குள் போய், இரண்டு பூசணிக்கும் ஒரு பலாவுக்கும் நடுவில் வைத்துவிட்டாள். நான் வண்டியை அடுத்த டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டுக் காக்கிச் சட்டையோடு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆராதனை தொடங்குவதற்கு முன்னால் நீ மெல்ல எழுந்து, பாட்டிலை எடுத்துவிடலாம் என்று மேசைப் பக்கம் போனாய். கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் பார்த்துவிட்டார். "ஏம்மா, வெச்சத எடுக்கப்படாது. ஜெபம் முடியட்டும்" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தாய். உன்னைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

அன்றைக்கு விருந்தாளியாக வந்த போதகர் ஆதாமில் ஆரம்பித்தார். நோவா வருவதற்குள் பாதிப் பேருக்குக் கண் சொக்கியது. வெளியே அசனச் சாப்பாட்டுக்குக் குழம்பு கொதிக்கும் வாசனை வேறு. இன்றைக்கும் அந்த நல்ல மனிதருக்கு நான் நன்றி சொல்கிறேன். அவர் இன்னும் கொஞ்சம் சுருக்கமாகப் பேசியிருந்தால் உன் வாழ்க்கையே வேறு மாதிரிப் போயிருக்கும். பிரசங்கம் முடிந்தது, ஜெபம் முடிந்தது, ஏலம் ஆரம்பித்தது. பூசணி போயிற்று, பலா போயிற்று, கட்டவிழ்ந்த கோழியைப் பிடிக்க நாலு பேர் பெஞ்சுக்கு அடியில் போனார்கள். அப்புறம் உபதேசியார் உன் பாட்டிலை எடுத்தார்.

"இது என்னங்கம்மா?" என்றார். நீ எழுந்து நின்றாய். "காப்பித் தோல்ல செஞ்சதுங்க." "குடிக்கலாமா?" "ஐயோ, வேண்டாமுங்க." எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப எதுக்கு ஆகும்?" சபை மொத்தமும் உன்னைப் பார்த்தது. ஏதாவது பெரிதாகச் சொல்லேன், கேன்சருக்கு மருந்து என்று சொல்லேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். நீ, "இன்னும் தெரியலைங்க" என்றாய். தலை நிமிர்ந்து, தெளிவாக. கண்ணு, நான் கோயிலில் எத்தனையோ சாட்சி கேட்டிருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் சொன்ன அந்த வார்த்தைக்கு ஈடாக ஒன்றையும் கேட்டதில்லை. இனி போகிற இடத்திலும் எத்தனை பெரியவர்கள் கேட்டாலும் தெரியாவிட்டால் அப்படியே சொல்.

உபதேசியார் விற்றாக வேண்டுமே. "பாருங்க, நல்ல பொருளு, தேன் நெறம்" என்று வெளிச்சத்தில் காட்டப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் மூடிப் பக்கம் இறங்கவே இல்லை. அடியில் இருந்தது மேலே அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் பாட்டிலைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "அட, எறங்க மாட்டேங்குது!" என்று ஆட்டப்போனார். "ஆட்டாதீங்க! ஆட்டாதீங்க!" என்று கத்திக்கொண்டு நீ ஓடினாய் பார், கோயிலுக்குள் அப்படி ஓடிய பெண்ணை உபதேசியார் வேறெப்போதும் மன்னித்திருக்கமாட்டார்.

இதற்கு அப்புறம் நீ செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். வேறு யாராவது என்றால் அதிசயம் என்று சொல்லிப் பத்திரமாகத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு போயிருப்பார்கள். உன் அம்மா "ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தேவிட்டாள். நீ பாட்டிலை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாய். பிறகு நீயே அதைப் பலமாக, இரக்கமே இல்லாமல் குலுக்கினாய். தண்ணீராகி அலம்பியது. சபை "ஐயையோ" என்றது. நீ அதை மேசையில் வைத்துவிட்டு, எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். உன்னைச் சுற்றி ஏலம் நடந்தது. ஏலம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள். "வா கண்ணு, சோறு ஆறுது" என்று கூப்பிட்டேன். நீ திரும்பக்கூட இல்லை. நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்க்கும்போது நீ பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாய். நின்றிருந்தது. நீ சிரித்தாய், உன் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "அப்பா, இத்தன நாளா ஒடஞ்சதக் கொட்டிட்டே இருந்தேனுங்க. தொடாம உட்டிருந்தா அதுவே மறுபடியும் கூடியிருக்குமுங்க" என்றாய்.

ஆய்வுக்கூடத்தில் இளகியதை யாரும் மேசையில் விட்டு வைப்பதில்லை. கழுவிவிட்டு அடுத்ததைத் தொடங்குவார்கள். வைத்ததைத் தொடக்கூடாது என்ற நம் கோயில் வழக்கம் உன் கையைக் கட்டிப்போட்டது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் நீ செய்தது. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்துச் சிரித்தோம். நீ ஒருத்திதான் பார்த்து யோசித்தாய். குலுக்கினால் ஓடும், விட்டால் கூடும் என்பதைக் குறை என்று எல்லோரும் சொன்னபோது, அதுதான் அதன் குணம் என்று பிடித்துக்கொண்டாய். ஊசியில் போட்டுத் தள்ளினால் தண்ணீராக இறங்கும், உடம்புக்குள் போய்ச் சேர்ந்ததும் அந்த இடத்திலேயே நின்றுவிடும், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் என்று எனக்கு விளக்கினாய். உடனே ஆகிவிடாது, வருடக்கணக்கில் பார்க்க வேண்டும், ஆகாமலும் போகலாம் என்றும் நீயே சொன்னாய். கெட்டியாக்கச் சொன்ன பேராசிரியரே பக்கத்து அறைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு ஊசியிலிருந்து அது இறங்கி நிற்பதைக் காட்டினாராமே. உன் ஆய்வேட்டின் முன்பக்கத்தில் குப்பனூர் ரோட்டுப் பஸ் பயணிகளுக்கும் உபதேசியாருக்கும் நன்றி எழுதினாய். உபதேசியார் அந்தப் பக்கத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார், தெரியுமா?

அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டிலைக் கடைசியாக ஏலம் விட்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒண்டிக்கடைப் பழக்கடைக்காரர் விளையாட்டாக விலையை ஏற்ற, உன் அம்மா விடாமல் மேலே கேட்க, நான் அவள் சேலையைப் பிடித்து இழுக்க, "நீங்க சும்மா இருங்க. எம்மவ செஞ்சத ஒருத்தருக்கும் உடமாட்டேன்" என்று சொல்லி வாங்கியேவிட்டாள். நீ மூடியைச் சுற்றி மெழுகு வைத்து அடைத்துக் கொடுத்தாய். அது இப்போது டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது.

இனி என் கைக்கு வருகிறேன். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். இந்த நடுக்கம் கூடும், குறையாது; டாக்டர் உன்னிடம் சொன்னதைத்தான் என்னிடமும் சொன்னார். சட்டைப் பொத்தானை உன் அம்மா போட்டுவிடுகிறாள், போடும்போது ஒரு திட்டும் சேர்த்து. டம்ளரில் பாதிதான் காப்பி ஊற்றுகிறாள். சாயங்காலம் முருகேசன் வந்து கூடவே நடக்கிறான். வளைவு வந்தால் இன்னமும் விசில் ஊதுகிறான், கிறுக்கன். நீ போனால் வீடு வெறிச்சென்று ஆகும். எனக்குப் பயமாகவும் இருக்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்த கை ஒரு கரண்டியைப் பிடிக்கமாட்டேன் என்கிறபோது எவனுக்குத்தான் பயம் இராது? ஆனால் அதற்காக நீ சேலத்திலேயே உட்கார்ந்துகொண்டு, வாரம் தவறாமல் மலையேறி வந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால், என் நடுக்கம் நிற்குமா? உன் வேலைதான் நிற்கும். அதை என்னால் தாங்க முடியாது. கை ஆடுவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், இதைத் தாங்கமாட்டேன்.

போன வாரம் பழக்கடைக்காரர் என்னைப் பார்க்க வந்திருந்தார். ஏலத்தில் விட்ட பாட்டிலைக் காட்டுங்கள் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து போய் வலது கையில் எடுத்து, நீ செய்வதுபோலவே கவிழ்த்துக் காட்டினேன். பளக்கென்று மூடிப் பக்கம் ஓடிவிட்டது. எடுத்து வருவதற்குள் என் கை ஆட்டிய ஆட்டத்தில் தண்ணீராகிவிட்டிருக்கிறது. அவருக்குச் சங்கடம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன், இன்னும் அலம்பியது. உன் அம்மா உள்ளேயிருந்து, "அதையே ஏன் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? கீழ வெய்யுங்க, அது பாத்துக்கும்" என்று சத்தம் போட்டாள். வைத்தேன். அவர் காப்பி குடித்து, ஊர்க்கதையெல்லாம் பேசி, செருப்பு மாட்டிக்கொள்ளும்போது அவரே போய் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. "ஏனுங்க, நல்லாத்தானே நிக்குது!" என்றார்.

அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கீழே வைப்பதற்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை. நீ பிறந்த அன்றைக்கு உன்னை வாங்கிய கை இது. இப்போது இது எதைப் பிடித்தாலும் அது குலைகிறது, கண்ணு.

உன்னையும் கீழே வைத்துவிட்டேன். வருகிறேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்கு எழுதிவிடு.

அப்பா